எங்கே நிறுத்துவது?



சென்ற மாதம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் எங்கள் குச்சவெளிப் பக்கத்துச் சகோதரி ஒருவர். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். பெயர்தான் அவருடையது, அவர் எழுதியிருக்கும் விஷயம் நம்மில் பலருடைய வீட்டிலும் நடப்பது. ஆகவே இந்த மாதப் பக்கத்தை அந்தக் கடிதத்துக்கே ஒதுக்கிவிட்டேன்.

அவர் எழுதியதன் சுருக்கம் இது:

"ஹஸ்ரத், வெள்ளி இரவில் மஃரிபுக்குப் பிறகு யாஸீன் ஓதுவது எங்கள் வீட்டு வழக்கம். என்னிடம் இருப்பது உம்மாவின் முஸ்ஹப். இந்தியாவில் அச்சிட்டது. போர்க் காலத்தில் ஊரை விட்டு ஓடியபோது வேறொன்றையும் எடுக்க நேரமில்லாமல் உம்மா அதை மட்டும் துணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக் கொண்டு போனார். என் மகளுக்கு வயது பதின்மூன்று. மத்ரஸாவில் தஜ்வீத் படிக்கிறாள். அவள் ஓதுவது அவளுடைய வாப்பா சஊதியிலிருந்து கொண்டுவந்த மதீனா முஸ்ஹபில். ஒரு நாள் நான் யாஸீனில் கப்றிலிருந்து எழுப்பப்பட்டவர்கள் பேசும் இடத்தில் மூச்சு விட்டு நிறுத்தினேன். 'உம்மா, நீங்க பிழையா நிப்பாட்டுறீங்க. அதில மூச்சு விடக் கூடாது' என்றாள். என் முஸ்ஹபைப் பார்த்தேன். நிறுத்தச் சொல்லிக் குறி இருக்கிறது. அவளுடையதைப் பார்த்தேன். அதில் வேறு குறி. அன்றிலிருந்து அவள் வீட்டில் இருக்கும்போது நான் சத்தமாக ஓதுவதில்லை. இன்னொன்று. யூதர் ஒருவர் தவ்றாத் ஓதுவதைக் கைத்தொலைபேசியில் கேட்டாளாம். அதிலும் இழுத்து, நிறுத்தி, ராகமாக ஓதுகிறார்களாம். அதற்கும் எழுத்தின் மேலும் கீழும் குறிகள் உண்டாம். 'உம்மா, நாம அவங்கட்ட இருந்து எடுத்ததா, அவங்க நம்மட்ட இருந்து எடுத்ததா?' என்று கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை."

சகோதரிகளே, இந்தக் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஆனால் என் மனதைத் தைத்தது கேள்வி அல்ல. "சத்தமாக ஓதுவதில்லை" என்ற அந்த ஒரு வரிதான். ஓர் உம்மாவின் ஓதல் ஒரு வீட்டில் நின்றுபோயிருக்கிறது. அதற்குக் காரணம் பாவமல்ல, சோம்பலல்ல, ஒரு சிறிய குறி. அந்தக் குறி எதற்காக வந்தது என்பது தெரிந்தால் இந்தக் கூச்சம் போய்விடும், இன்ஷா அல்லாஹ்.

மகளின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். உம்மாவுக்குரிய பதில் அதற்குள்ளேயே இருக்கிறது.

யூதர்களின் ஓதற் குறிகள்

யூதர்களின் ஓதலைப் பற்றி நாம் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். நபி (ஸல்) அவர்கள் ஸைத் பின் ஸாபித் (ரழி) அவர்களை அழைத்து, யூதர்களின் எழுத்தைப் படித்துக்கொள்ளும்படி பணித்தார்கள். அவர் அரை மாதத்துக்குள் அதைக் கற்றுத் தேர்ந்தார் என்று திர்மிதியில் வருகிறது. அதே ஸைத் (ரழி) அவர்கள்தாம் பின்னர் குர்ஆனைத் தொகுக்கும் பணியின் தலைமையை ஏற்றார்கள். இதைவிட வேறு ஆதாரம் தேவையில்லை. அவர்கள் கையில் இன்றிருக்கும் வேதத்தைப் பற்றி நமது நம்பிக்கை என்ன என்பது உங்களுக்குத் தெரியும். இங்கே நாம் பேசுவது அதை ஓதும் முறையைப் பற்றி மட்டுமே.

ஹீப்ரு மொழியும் அறபியைப் போல வலமிருந்து இடமாக எழுதப்படுவது. அறபியைப் போலவே அதிலும் எழுத்துகள் பெரும்பாலும் மெய்யெழுத்துகள். ஸபர், ஸேர், பேஷ் போன்றவை ஆதியில் இல்லை. வாக்கியம் முடியும் இடமும் தெரியாது. மொழி வீட்டில் பேசப்பட்ட காலத்தில் அது ஒரு குறையாகத் தெரியவில்லை. பிறகு அவர்கள் அரமேயம் பேசினார்கள், அறபி பேசினார்கள். வேதத்தின் மொழி வேறு, வீட்டு மொழி வேறு என்றானது. அப்போதுதான் பயம் வந்தது: சரியாக ஓதத் தெரிந்த முதியவர்கள் மௌத்தாகிவிட்டால் அந்த ஓதல் என்ன ஆகும்?

இந்தப் பயத்திலிருந்து பிறந்தவைதாம் அந்தக் குறிகள். எழுத்துக்கு மேலும் கீழும் இடப்படும் இவை 20க்கும் மேற்பட்டவை. ஒவ்வொரு குறியும் மூன்று வேலைகளைச் செய்கிறது. சொல்லில் எந்த அசையை அழுத்த வேண்டும் என்று காட்டுகிறது. இந்தச் சொல்லை அடுத்த சொல்லோடு சேர்ப்பதா பிரிப்பதா என்று காட்டுகிறது. எந்த மெட்டில் ஓதுவது என்பதையும் நினைவூட்டுகிறது. வசனத்தின் பாதியில் பெரிய நிறுத்தத்துக்கு ஒரு குறி, வசனம் முடிவதற்கு ஒரு குறி, இடையே சிறு நிறுத்தங்களுக்குச் சில குறிகள், சேர்த்து ஓதுவதற்குச் சில குறிகள்.

இவற்றுக்கு அவர்கள் வைத்த பெயர் 'தஅமீம்'. ஒருமையில் 'தஅம்'. அறபு படித்த பிள்ளைகளுக்கு இது கேட்ட சொல்லாகத் தோன்றும். அறபியிலும் 'தஅம்' என்றால் சுவை. ஹீப்ருவில் அதற்குச் சுவை என்றும் பொருள், கருத்து என்றும் பொருள். கறியில் உப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் உப்பு இல்லாத கறியை வாயில் வைத்ததும் தெரியும். ஓதலில் நிறுத்தமும் அப்படித்தான்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். அவர்களின் குறிகளில் மிக அரிதான ஒன்றுக்கு 'ஷல்ஷெலெத்' என்று பெயர். சங்கிலி என்று பொருள். நாம் சொல்லும் 'ஸில்ஸிலா' என்ற சொல்லின் உடன்பிறப்பு அது. அந்தக் குறி உள்ள சொல்லை ஏற்றி இறக்கி நீண்ட நேரம் இழுத்து ஓதுவார்கள். தவ்றாத்தின் ஐந்து ஆகமங்களிலும் சேர்த்து அது நான்கே இடங்களில்தான் வருகிறது. அதில் ஒன்று யூஸுப் (அலை) அவர்களின் வரலாற்றில். எஜமானனின் மனைவி தவறுக்கு அழைத்தபோது அவர் மறுத்தார் என்ற அந்த ஒரு சொல்லின் மேல்! ஓதுபவர் அந்த இடத்துக்கு வந்ததும் சட்டென்று கடந்து போக முடியாது. குறி அவரைப் பிடித்து நிறுத்துகிறது. மறுத்தார் என்பதை இழுத்து, இழுத்து ஓத வேண்டும். அதற்கு அவர்களுடைய அறிஞர்கள் பலவிதமாக விளக்கம் சொல்வார்கள். நபிமார்களைப் பற்றிய நமது கொள்கைப்படி நாம் அதை அசையாத உறுதியின் அடையாளம் என்றே எடுத்துக்கொள்ளலாம். விளக்கம் எதுவானாலும், ஓதற் குறி வெறும் அலங்காரம் அல்ல என்பது இதிலிருந்து தெரிகிறது.

இன்னோர் உதாரணம். ஏசாயா ஆகமத்தில் ஒரு குரல் அழைப்பதாகவும், பாலைவனத்தில் பாதையைச் செம்மைப்படுத்தச் சொல்வதாகவும் ஒரு வசனம் இருக்கிறது. யூதர்களின் குறி 'அழைக்கிறது' என்ற சொல்லில் நிறுத்துகிறது. அப்படி ஓதினால் பாதை பாலைவனத்தில். கிறிஸ்தவர்களின் இஞ்சீலில் 'பாலைவனத்தில்' என்ற சொல் முன்னாலுள்ள குரலோடு சேர்ந்து வருகிறது. அப்போது அழைப்பவர் பாலைவனத்தில். அது யஹ்யா (அலை) அவர்களைக் குறிப்பதாக அவர்கள் கொள்கிறார்கள். சொற்கள் அதேதான். நிறுத்தும் இடம் மாறியதும் பொருளும் மாறிவிட்டது.

தபரிய்யா என்ற ஊர்

இந்தக் குறிகள் முழு வடிவம் பெற்ற ஊர் பலஸ்தீனில் கலீலி ஏரிக்கரையில் உள்ள தபரிய்யா. ஹதீஸ் கிதாபுகளில் 'தபரானீ அறிவிக்கிறார்' என்று கேட்டிருப்பீர்களே, அந்த இமாம் தபரானீயின் பெயர் இந்த ஊரின் பெயரால் வந்தது. அவர் ஹிஜ்ரி 260இல் பிறந்து 360இல் வஃபாத்தானவர். அதே ஊரில், ஏறக்குறைய அதே காலத்தில், ஆரோன் பென் அஷேர் என்ற யூத அறிஞர் தன் முன்னோர் பல தலைமுறையாகச் செய்துவந்த பணியை நிறைவு செய்துகொண்டிருந்தார். ஓர் எழுத்தும் விடாமல் வேதம் முழுவதற்கும் உயிர்க் குறிகளும் ஓதற் குறிகளும் இடும் பணி அது.

அவர் குறியிட்ட முஸ்ஹப் கிறிஸ்து ஆண்டு 930 அளவில் ஆனது. பின்னர் அது ஜெருஸலம் போய், கெய்ரோவின் ஃபுஸ்தாத்துக்குப் போய், அங்கே மூஸா பின் மைமூன் என்ற புகழ்பெற்ற யூத மருத்துவரும் அறிஞருமானவர் அதை நம்பத் தகுந்த பிரதி என்று சான்று சொன்னார். பிறகு பல நூறு ஆண்டுகள் சிரியாவின் ஹலப் நகரில் இருந்தது. 1947இல் அங்கே நடந்த கலவரத்தில் அதன் ஒரு பகுதி அழிந்து போனது. எஞ்சியது இன்று ஜெருஸலத்தில் இருக்கிறது.

அப்படியானால் யார் யாரிடமிருந்து எடுத்தது? மகளுக்கு இப்படிச் சொல்லுங்கள். நம்முடைய குர்ஆன் எழுத்திலும் ஆரம்பத்தில் ஸபர், ஸேர் இல்லை. அறபு தெரியாத மக்கள் இஸ்லாத்துக்கு வந்து பிழையாக ஓதக் கேட்டபோது, ஹிஜ்ரி 69இல் வஃபாத்தான அபுல் அஸ்வத் அத்துஅலீ அவர்கள் உயிரொலிகளுக்குப் புள்ளிகள் வைத்தார்கள். நாம் இன்று காணும் ஸபர், ஸேர், பேஷ் வடிவங்கள் இரண்டாம் நூற்றாண்டில் கலீல் பின் அஹ்மத் அவர்கள் அமைத்தவை. ஸுர்யானி மொழியில் வேதம் வாசித்த கிறிஸ்தவர்களும் தங்கள் எழுத்துக்குப் புள்ளிகள் வைத்தார்கள். மூன்று சமூகத்தாரும் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் வாழ்ந்தார்கள். மூவரின் மொழியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது. மூவருக்கும் வந்த பயமும் ஒன்றுதான்: ஓதல் பிழைத்துவிடக் கூடாது. ஆனால் அவரவர் வேதத்துக்கு அவரவர் அறிஞர்கள் உழைத்தார்கள். நமது நிறுத்தற் குறிகள் நமது இமாம்கள் ஆயத்துகளின் பொருளை ஆராய்ந்து கண்டவை.

அவர்களின் குறிக்கும் நம்முடையதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. அவர்களின் குறி மெட்டையும் சொல்லும். நமது முஸ்ஹபில் ராகத்துக்குக் குறி கிடையாது. நிறுத்தத்துக்கும் நீட்டலுக்கும் மட்டுமே உண்டு. குரல் அல்லாஹ் தந்தது. அழகாக ஓதும்படி நபி (ஸல்) அவர்கள் ஆர்வமூட்டினார்கள். ஆனால் ஒரே ராகத்தில்தான் ஓத வேண்டும் என்று கட்டவில்லை.

யாஸீனில் மூன்று இடம் அல்ல, இரண்டே இடம்

இப்போது நமது வீட்டுக்கு வருவோம். எல்லாருக்கும் தெரிந்த யாஸீன் ஸூறாவையே எடுத்துக்கொள்வோம். உதாரணம் நிறையச் சொல்லலாம். இரண்டு இடம் போதும்.

முதலாவது, 76ஆவது ஆயத்து. காபிர்களின் பேச்சு உங்களைக் கவலைப்படுத்த வேண்டாம் என்று அல்லாஹ் தன் நபிக்கு ஆறுதல் சொல்கிறான். அங்கே ஒரு சிறிய 'மீம்' இருக்கிறது. பிறகு, அவர்கள் மறைப்பதையும் வெளிப்படுத்துவதையும் நாம் அறிவோம் என்று அல்லாஹ் சொல்கிறான். அந்த மீமில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் ஓதினால், 'நாம் அறிவோம்' என்பதே காபிர்களின் பேச்சு போலக் காதில் விழும். அல்லாஹ்வின் வார்த்தை அவர்களின் வாய்க்குப் போய்விடும். பாருங்கள், ஒரு கடுகளவு எழுத்து எவ்வளவு பெரிய காவல் காக்கிறது! இந்த இடத்தில் இந்திய முஸ்ஹபிலும் மதீனா முஸ்ஹபிலும் மீம்தான். இரண்டுக்கும் பேதமில்லை.

இரண்டாவது, 52ஆவது ஆயத்து. கடிதம் எழுதிய சகோதரி நிறுத்திய இடம் இதுதான். எழுப்பப்பட்டவர்கள், எங்களை எங்கள் உறங்கும் இடத்திலிருந்து எழுப்பியவர் யார் என்று திகைத்துக் கேட்கிறார்கள். பிறகு, இதுதான் ரஹ்மான் வாக்களித்தது என்று பதில் வருகிறது. 'இது' என்ற சொல் பதிலின் முதல் சொல். நிறுத்தாமல் சேர்த்தால் 'இந்த உறங்குமிடம்' என்று கேள்வியோடு ஒட்டிக்கொள்ளும். பதில் தலையிழந்து போகும். ஆகவே நாம் ஓதும் ஹஃப்ஸ் முறையில், சேர்த்து ஓதுபவர் இங்கே 'ஸக்தா' செய்ய வேண்டும். அதாவது மூச்சு விடாமல் ஒரு கணம் மௌனமாக இருந்து தொடர வேண்டும்.

அப்படியானால் மகள் சொன்னது சரிதானே? சரிதான், ஆனால் பாதி. மூச்சு விடக் கூடாது என்பது தொடர்ந்து ஓதுபவருக்கு. அந்த இடத்தில் மூச்சு விட்டு முழுமையாக நிறுத்தவும் செய்யலாம். மகளின் மதீனா முஸ்ஹபில் ஸக்தாவுக்குரிய சிறிய ஸீனுக்குப் பக்கத்திலேயே, நிறுத்துவது மேல் என்ற குறியும் இருக்கும். இன்று இரவு எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சகோதரியே, நீங்கள் பிழையாக நிறுத்தவில்லை. உங்கள் உம்மா சொல்லித் தந்தபடி சரியாகத்தான் நிறுத்தினீர்கள்.

இரண்டு முஸ்ஹப், இரண்டு வகைக் குறி

அப்படியென்றால் குறிகள் ஏன் வேறுபடுகின்றன? எங்கே நிறுத்துவது, எங்கே தொடங்குவது என்பது ஒரு தனிக் கலை. தபரிய்யாவில் பென் அஷேர் வேலை செய்துகொண்டிருந்த அதே காலத்தில் பக்தாதில் இப்னுல் அன்பாரீ அவர்கள் இதைப் பற்றி ஒரு பெரிய கிதாபு எழுதினார்கள். அவர்கள் வஃபாத்தானது ஹிஜ்ரி 328, அதாவது 940. பிறகு ஸ்பெயினின் அபூ அம்ர் அத்தானீ எழுதினார்கள். பிறகு இன்றைய ஆப்கானிஸ்தானைச் சேர்ந்த ஸஜாவந்த் என்ற ஊரின் இமாம் முஹம்மத் பின் தைஃபூர் எழுதினார்கள். அவர்களை இமாம் ஸஜாவந்தீ என்போம். வஃபாத் ஹிஜ்ரி 560, அதாவது 1165. ஒவ்வொரு வகை நிறுத்தத்துக்கும் ஓர் எழுத்தைச் சுருக்கக் குறியாக வைத்தவர்கள் அவர்களே. இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் அச்சிட்டு நமது இலங்கை வீடுகளுக்கு வந்த முஸ்ஹபுகளில் இருப்பவை பெரும்பாலும் அவர்களின் குறிகள்.

மதீனாவில் மன்னர் ஃபஹ்த் குர்ஆன் அச்சகம் 1984இல் திறக்கப்பட்டது. உஸ்மான் தாஹா அவர்களின் அழகிய கையெழுத்தில் அங்கே அச்சான முஸ்ஹப், ஹஜ்ஜுக்குப் போனவர்கள் கையிலும், வெளிநாட்டில் உழைத்தவர்கள் கையிலும் நம் ஊர்களுக்கு வந்து சேர்ந்தது. அதன் நிறுத்தற் குறிகளை வேறு ஓர் அறிஞர் குழு, வேறு ஒழுங்கில் தீர்மானித்தது. குர்ஆனின் ஓர் எழுத்தும் மாறவில்லை. நிறுத்தத்தைப் பற்றிய ஆலோசனை மட்டுமே சில இடங்களில் மாறுகிறது.

இரண்டையும் ஓதுவதற்கு உதவியாக முக்கியமானவற்றைச் சொல்கிறேன். கொப்பியில் எழுதிக் கொள்ளுங்கள்.

இந்திய முஸ்ஹபில்: 'மீம்' என்றால் அவசியம் நிறுத்த வேண்டும். 'தோ' என்றால் பொருள் முடிந்துவிட்டது, நிறுத்துவது நல்லது. 'ஜீம்' என்றால் நிறுத்தலாம், சேர்க்கவும் செய்யலாம். 'ஸாய்' என்றால் நிறுத்த இடமுண்டு, சேர்ப்பது மேல். 'ஸாத்' என்றால் மூச்சு போதாவிட்டால் நிறுத்தச் சலுகை உண்டு. 'லா' என்றால் பொருள் அறுந்துவிடும், நிறுத்த வேண்டாம்.

மதீனா முஸ்ஹபில்: 'மீம்' அதேதான். 'ஜீம்' என்றால் இரண்டும் சமம். ஸாத், லாம், யே சேர்ந்து 'ஸலா' என்று இருந்தால் சேர்ப்பது மேல். காஃப், லாம், யே சேர்ந்து 'கலா' என்று இருந்தால் நிறுத்துவது மேல்.

இரண்டிலும் மும்மூன்று புள்ளிகள் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இடங்களில் வரும். அதற்கு 'முஆனகா' என்று பெயர். கட்டித் தழுவுதல் என்று பொருள். ஒன்றில் நிறுத்தினால் மற்றதில் நிறுத்தக் கூடாது. ஸூறத்துல் பகராவின் இரண்டாம் ஆயத்தில் 'ஃபீஹி' என்ற சொல்லுக்கு முன்னும் பின்னும் இதைக் காணலாம். அந்தச் சொல் முன்னாலும் பொருந்தும், பின்னாலும் பொருந்தும். இதில் ஒரு வியப்பு, யூதர்களின் தல்மூத் என்ற நூலிலும் இதே போன்ற ஒரு செய்தி வருகிறது. தவ்றாத்தில் ஐந்து இடங்களில் ஒரு சொல்லை முன்னோடு சேர்ப்பதா பின்னோடு சேர்ப்பதா என்று முடிவு சொல்ல முடியவில்லை என்று அவர்களின் பழைய அறிஞர் ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

குறிகள் வேறுபடும் ஒரு முக்கிய இடத்தையும் சொல்லிவிடுகிறேன். ஸூறா ஆல இம்றானின் ஏழாம் ஆயத்து. பொருள் மறைவான ஆயத்துகளின் உண்மை விளக்கத்தை அல்லாஹ்வைத் தவிர யாரும் அறியார் என்று வருகிறது. அங்கே நிறுத்துவதா, அல்லது கல்வியில் ஆழ்ந்தவர்களையும் அதோடு சேர்ப்பதா? பெரும்பாலோர் நிறுத்தினார்கள். சேர்த்து ஓதிய பெரியோரும் உண்டு. இந்திய முஸ்ஹபில் அங்கே மீம், அவசியம் நிறுத்து. மதீனா முஸ்ஹபில் 'கலா', நிறுத்துவது மேல். இமாம்கள் இடம் விட்ட இடத்தில் நாம் ஒருவர் மற்றவரை 'பிழை' என்று சொல்லலாமா?

இன்னொரு நிம்மதியும் சொல்கிறேன். ஓதற் கலையின் பேரறிஞர் இமாம் இப்னுல் ஜஸரீ, ஹிஜ்ரி 833இல் வஃபாத்தானவர்கள். அறபுக் கல்லூரிகளில் மனனம் செய்யும் அவர்களின் பாடலில் தெளிவாகச் சொல்கிறார்கள்: குர்ஆனில் நிறுத்தியே ஆக வேண்டும் என்று ஷரீஅத் கடமையாக்கிய இடமும் இல்லை, நிறுத்துவது ஹராம் என்ற இடமும் இல்லை, தவறான பொருளை வேண்டுமென்றே நாடினால் தவிர. ஆகவே தெரியாமல் நிறுத்திவிட்டால் குற்றமில்லை. மூச்சு நடுவில் அறுந்தால் ஒரு சொல்லோ இரண்டு சொல்லோ பின்னால் போய், பொருள் சேரும் இடத்திலிருந்து மீண்டும் தொடங்குங்கள். அவ்வளவுதான்.

குறி மட்டும் போதாது

யூதர்களின் ஓதலில் இன்னொரு செய்தி இருக்கிறது. அவர்கள் பள்ளியில் ஓதும் தவ்றாத் தோற்சுருளில் இந்தக் குறிகள் ஒன்றுகூட இல்லை! உயிர்க் குறியும் இல்லை. வெறும் எழுத்து மட்டுமே. ஓதுபவர் குறியிட்ட புத்தகத்தில் பார்த்துப் படித்து, மனதில் பதித்துக்கொண்டு வந்துதான் சுருளில் ஓத வேண்டும். சுருளைக் கையால் தொடாமல் ஒரு வெள்ளிக் கோலால் வரியைக் காட்டுவார்கள். பிழைத்தால் பக்கத்தில் நிற்பவர் திருத்துவார். பழங்காலத்தில் ஒருவர் கையசைவால் மெட்டை நினைவூட்டும் வழக்கமும் இருந்தது. ஓதப்பள்ளியில் ஈர்க்குக் குச்சியால் எழுத்தைத் தொட்டுக் காட்டிய நமது லெப்பைமாரை நினைத்துக்கொள்ளுங்கள்.

அது மட்டுமல்ல. யெமன் யூதர்களும், பக்தாத் யூதர்களும், ஐரோப்பிய யூதர்களும் அதே குறியை வேறு வேறு மெட்டில் ஓதுகிறார்கள். காகிதத்தில் குறி ஒன்று. வாயில் மெட்டு வேறு. ஏனென்றால் மெட்டு காகிதத்தில் இல்லை. அது உஸ்தாதின் வாயில் இருக்கிறது.

நமக்கு அருகில் கேரளத்துக் கொச்சியிலும் யூதர்கள் பல நூறு ஆண்டுகள் வாழ்ந்தார்கள். மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய அவர்களின் பள்ளி இன்றும் நிற்கிறது. 1948க்குப் பிறகு, குறிப்பாக 1950களில், பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். அந்தப் பெண்களிடம் மலையாளத்தில் சமயப் பாடல்கள் இருந்தன. தாய், மகள், பேத்தி என்று கைமாறிய கொப்பிகளில் அவற்றை எழுதி வைத்திருந்தார்கள். கொப்பியில் இருந்தவை சொற்கள். மெட்டு வாய்வழியாகவே வந்தது. கொப்பியைக் கொண்டு போகலாம், பெட்டியில் வைக்கலாம். உம்மா பாடாமல் விட்டுவிட்டால் மகளுக்கு மெட்டுக் கிடைக்குமா?

சகோதரிகளே, நான் சொல்ல வந்தது இதுதான். குறி என்பது ஓதிய ஒருவரின் குரலுக்குக் காவல். அந்தக் குரலையே அடக்கிவிடுவதற்காக அது வரவில்லை. உம்மாவின் வாயை மூடிவைத்துவிட்டுக் குறியைக் காப்பாற்றுவதில் என்ன பயன்?

நபி (ஸல்) அவர்கள் எப்படி ஓதினார்கள் என்று நமக்குச் சொல்லித் தந்தவர் யார் தெரியுமா? அன்னை உம்மு ஸலமா (ரழி) அவர்கள். ஒவ்வோர் ஆயத்தாகப் பிரித்து நிறுத்தி ஓதினார்கள் என்று அவர்கள் அறிவித்தது அபூதாவூதிலும் திர்மிதியிலும் இருக்கிறது. நிறுத்தும் கலைக்கு முதல் ஆதாரங்களில் ஒன்று ஒரு பெண் தன் வீட்டில் காதால் கேட்டது. சிரமப்பட்டுத் திக்கித் திக்கி ஓதுபவருக்கு இரண்டு கூலி என்ற ஹதீஸை நமக்குத் தந்தவர் அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள். அபூபக்ர் (ரழி) காலத்தில் தொகுத்த ஏடுகளைத் தன் வீட்டில் பாதுகாத்து, உஸ்மான் (ரழி) அவர்கள் பிரதி எடுக்கக் கொடுத்தவர் அன்னை ஹஃப்ஸா (ரழி) அவர்கள். வேட்டுச் சத்தத்தின் நடுவே முஸ்ஹபைத் துணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடிய அந்த உம்மா எந்த வழியில் வந்தவர் என்று இப்போது தெரிகிறதல்லவா?

உம்மாவுக்கும் மகளுக்கும்

கடிதம் எழுதிய சகோதரிக்கு ஒரு யோசனை. வருகிற வெள்ளி இரவு நீங்கள் யாஸீனைச் சத்தமாக ஓதுங்கள். உங்கள் முஸ்ஹபை மகளின் கையில் கொடுங்கள். அவளுடைய மதீனா முஸ்ஹபை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அவள் உங்கள் உம்மாவின் பக்கங்களில் இமாம் ஸஜாவந்தீயின் குறிகளைப் பின்தொடரட்டும். எண்ணூற்று ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட உழைப்பு அது. அடுத்த வாரம் அவள் ஓதட்டும், நீங்கள் கேளுங்கள். குறி மாறும் இடங்களை இருவரும் சேர்ந்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். சந்தேகம் வந்தால் மத்ரஸாவில் கேட்கச் சொல்லுங்கள். எனக்கும் எழுதுங்கள்.

மகளுக்கு ஒரு வார்த்தை. மகளே, உன் கேள்விகள் இரண்டும் நல்ல கேள்விகள். நீ படிப்பது பெரிய கல்வி. ஆனால் திருத்துவதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. உம்மா ஓதிக்கொண்டிருக்கும்போது நடுவில் மறிக்காதே. ஆயத்து முடியட்டும். பிறகு பக்கத்தில் போய் உட்கார்ந்து, 'உம்மா, இந்த இடத்த ரெண்டு பேரும் பாப்பமா?' என்று கேள். எங்கே நிறுத்துவது என்பதை முஸ்ஹபில் மட்டுமல்ல, பேச்சிலும் நாம் படிக்க வேண்டும்.

ஸூறத்துல் மாஊனை நீங்கள் எல்லாரும் ஓதுவீர்கள். அதில் தொழுகையாளிகளுக்குக் கேடு என்று ஓர் ஆயத்து வந்து நிற்கிறது. அங்கே மூச்சு விடலாம். ஆனால் அத்தோடு ஓதலை முடித்துவிட்டு எழுந்து போனால் என்ன பொருள் வரும்? எந்தத் தொழுகையாளி என்பது அடுத்த ஆயத்திலல்லவா இருக்கிறது! மகளின் 'பிழையா நிப்பாட்டுறீங்க' என்ற பேச்சும் அப்படித்தான். அதோடு நிறுத்திவிட்டதால் உம்மாவின் ஓதல் நின்றது. அடுத்த வரியை இருவரும் சேர்ந்து ஓதினால் பொருள் முழுமையாகும்.

வீட்டில் சத்தமாக ஓதுங்கள், சகோதரிகளே. அடுப்படிக்குக் கேட்கட்டும், பாயில் படுத்திருக்கும் முதியவருக்குக் கேட்கட்டும், தொட்டிலில் இருக்கும் பிள்ளைக்குக் கேட்கட்டும். யா அல்லாஹ், எங்கள் உம்மாமாரின் நாவுகளில் உன் கலாமை நிலைக்கச் செய்வாயாக. எங்கள் பிள்ளைகளுக்குக் கல்வியையும் அதோடு அதபையும் தருவாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.